மடக்குக் கூரை வண்டி மலையேறுமா?

வா கண்ணு, அலிபிரிக்குப் போவோம். திருப்பதி ஊர் முடிந்து திருமலை தொடங்கும் இடம் அது. நடந்து போகிறவர்கள் ஒரு பக்கம் படியேறுகிறார்கள். வண்டிகள் இன்னொரு பக்கம் சோதனைச் சாவடியில் வரிசை கட்டி நிற்கின்றன. ஓரமாக நின்று அந்த வரிசையை மட்டும் கொஞ்ச நேரம் பார்.

பஸ், கார், வேன், ஜீப். எத்தனை உயரம், எத்தனை அகலம்! இவற்றுக்கு நடுவே, பின்னால் ஒரு சின்ன வீட்டைச் சுமந்துகொண்டு ஒரு பிக்அப் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள். உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. ஓடும்போது அதன் கூரை தாழ்ந்து படுத்திருக்கும். நிறுத்தியதும் கூரையைத் தூக்கிவிட்டால் நீ உள்ளே எழுந்து நிற்கலாம். உயர்ந்த கூரைக்கும் கீழ்ச்சுவருக்கும் நடுவே கேன்வாஸ் துணிதான் சுவர்.

“ஏன் மாமா, கூரையை உயரமாகவே கட்டிவிட்டால் என்ன? எதற்கு இந்த மடக்கு வேலை?” என்று கேட்கிறாய், இல்லையா? சபாஷ்! வண்டிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர்களும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குவார்கள்.

பதிலை நான் சொல்லமாட்டேன். நீயே கண்டுபிடி. ஒரு ஷூ பெட்டியை எடுத்து நிமிர்த்தி நிறுத்து. டார்ச் லைட்டுக்குப் போடும் செல் நாலைந்தை அதன் அடியில் டேப் போட்டு ஒட்டு. பெட்டியைப் பரீட்சை அட்டையின் மேல் வை. வழுக்காமல் இருக்க அதன் அடியோரத்தில் ஒரு அழிரப்பரை முட்டுக் கொடு. இனி அட்டையின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கு. எவ்வளவு சாய்த்ததும் பெட்டி கவிழ்கிறது என்று குறித்துக்கொள். பிறகு அதே செல்களைப் பெட்டியின் உச்சியில் ஒட்டி மறுபடி சாய்த்துப் பார்.

இரண்டாவது முறை சீக்கிரமே விழுந்துவிட்டது, சரியா? பெட்டியும் அதே, எடையும் அதே. எடை உட்கார்ந்த இடம்தான் மாறியது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ‘எடை மையம்’ உண்டு. மொத்த எடையும் அந்த ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே கோடு இழுத்தால், அது சக்கரங்களுக்கு உள்ளே விழும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் கவிழும். சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்பில் கூடை நிறைய மாம்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமாகத் திரும்பிப் பார், ஆட்டம் காணும். அதே கூடையை இடுப்பருகே பிடித்துக்கொண்டு திரும்பு, அவ்வளவு ஆட்டம் இருக்காது. புரிந்ததா? புரியாவிட்டால் பெட்டியை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

இப்போது கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதே. நம் வண்டி 1200 கிலோ. அதன் எடை மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 130 சென்டிமீட்டர். அதில் பாதி 65.

ஒருவர் இதன்மேல் 300 கிலோவில் உயரமான மரவீடு கட்டுகிறார். வீட்டின் எடை மையம் 180 சென்டிமீட்டர் உயரத்தில். எல்லாம் சேர்த்தால் வண்டியின் எடை மையம் 88 சென்டிமீட்டருக்கு ஏறிவிடும். இன்னொருவர் 150 கிலோவில், 120 சென்டிமீட்டர் மையத்தில், மடக்குக் கூரை வீடு கட்டுகிறார். அவர் வண்டியின் மையம் 71 சென்டிமீட்டர்தான்.

பாதி அகலத்தை மைய உயரத்தால் வகுத்துப் பார். முதல் வண்டிக்கு 0.74 வரும். இரண்டாவதுக்கு 0.92. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டுத் தள்ளல், வண்டி எடையில் இந்தப் பங்கைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்.

திருமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் வரும். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தள்ளல் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு வண்டிக்கும் ஆபத்தில்லை. அதே வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால்? இரண்டு மடங்கு என்றுதானே சொல்லப் போகிறாய்? இல்லை, நாலு மடங்கு! 0.84 வந்துவிடும். மரவீடு கவிழ்ந்தே போகும். மடக்குக் கூரை, கணக்குப்படி தப்பிக்கும். நிஜத்தில் டயர் வழுக்கும், ஸ்பிரிங் சாயும். அதனால் தப்பிக்கும் வண்டியையும் அந்த வேகத்தில் ஓட்டக் கூடாது.

இதுதான் மடக்குக் கூரையின் ரகசியம். உயரே இருக்கும் பாதிச் சுவர் துணி. துணிக்கு எடை குறைவு. ஓடும்போது கூரை தாழ்ந்திருப்பதால் காற்றிலும் அதிகம் முட்டாது. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் 1951லிருந்தே ஃபோக்ஸ்வாகன் வேன்களை வீடாக மாற்றி வந்தது. கூரை உயரும் வேன்களும் பிறகு அங்கே வந்தன.

நம் ஊரிலும் ஒருவர் இருக்கிறார். நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு. 2019இல் ஒரு ஆட்டோவின் மேல் வீடு கட்டிக் காட்டினார். ஆறடிக்கு ஆறடி, மொத்தம் 36 சதுர அடி. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். பழைய பொருள்களைத் தேடிப் பிடித்துக் கட்டினார். படுக்கை, சமையலிடம், கழிப்பறை, சூரியத் தகடு, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் உண்டு. இதில் எனக்கு வீட்டைவிடத் தொட்டிதான் வியப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியானால் தொட்டி நிறைந்தால் 250 கிலோ! இந்த எண்ணை நினைவில் வை, கடைசியில் கேட்பேன்.

சரி, கூரையைத் தூக்குவது எப்படி? எளிய வழி, ஒரு பக்கம் கீல் வைப்பது. 50 கிலோ கூரையின் மறு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் உன் கைக்கு 25 கிலோதான் தெரியும். மீதியைக் கீல் தாங்கிக்கொள்ளும். அதற்கும் துணையாக, காரின் பின்கதவைத் திறந்ததும் அதைத் தாங்கிப் பிடிக்கிறதே ஒரு வழவழப்பான தண்டு, அதைப் பொருத்துவார்கள். அதற்குள் நைட்ரஜன் வாயுவை இறுக்கி அடைத்திருக்கிறார்கள். அடைபட்ட வாயு தண்டை வெளியே தள்ளுகிறது.

சொந்தமாக வண்டியை மாற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எல்லாம் கட்டி முடித்தபின், “கூரை சும்மாதானே கிடக்கிறது, இரண்டு சூரியத் தகடு வைப்போம்” என்று தோன்றும். கண்ணாடி போட்ட 100 வாட் தகடு ஒன்று ஏறத்தாழ ஏழு கிலோ இருக்கும். இரண்டு வைத்த மறுநாள், தண்டு கூரையைத் தாங்காது. மெல்ல இறங்கி வந்து தலையில் தட்டும்.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்? பலமான தண்டு வாங்கலாம், சரிதான். காசு செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. தகட்டைத் தூக்கும் ஓரத்தில் வைக்காமல் கீலுக்குப் பக்கத்தில் வை. தகடு அதே எடைதான், ஆனால் கையும் தண்டும் சுமக்கும் பங்கு குறைந்துவிடும். ஷூ பெட்டியில் பார்த்ததேதான். எடை எங்கே உட்கார்கிறது என்பதுதான் கேள்வி.

அந்த வாயுவுக்கு வெயிலும் தெரியும், குளிரும் தெரியும். திருப்பதிக் கோடையில் 42 டிகிரியில் தெம்பாகத் தூக்கிய தண்டு, மலைமேல் மார்கழி விடியலில் 17 டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு பலம் குறைந்து நிற்கும். அதனால் கூரைக்கு ஒரு கம்பி முட்டும் எப்போதும் இருக்கட்டும்.

குளிர் என்றதும் இன்னொன்று. இரவில் நாலு பேர் உள்ளே தூங்கினால், மூச்சில் வெளிவரும் நீராவி சில்லென்ற உலோகக் கூரையில் பட்டுத் துளியாகும். காலையில், “கூரை ஒழுகுகிறது” என்பார்கள். ஒழுகவில்லை, அவர்கள் விட்ட மூச்சுதான் அது! கேன்வாஸில் ஒரு வலை ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

இனி இறக்கம். திருமலைக்கு மோட்டார் பாதை வந்தது 1944இல்தான். அதற்கு முன் நடைதான், முடியாதவர்களுக்கு டோலி. இப்போது ஏறவும் இறங்கவும் தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. மலை ஏறத்தாழ 650 மீட்டர் உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 1500 கிலோ வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது விடும் ஆற்றல், 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனை சூடும் எங்கே போகும்? பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் பிரேக்குக்குள் போகும், பிறகு பிரேக் பிடிக்காது. அதனால்தான் அனுபவமுள்ள டிரைவர்கள் சின்ன கியரில் போட்டு, எஞ்சினையே இழுத்துப் பிடிக்க வைத்து இறங்குகிறார்கள். நம் பிக்அப் வீட்டில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் இந்தச் சூட்டைக் கூட்டும்.

அப்பாவின் வண்டியில் உடனே ஆணி அடிக்கப் புறப்பட்டுவிடாதே! 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வேண்டும். வண்டி ஓடும்போது பின்னால் வீட்டுக்குள் யாரும் இருக்கவும் கூடாது. நமக்கு இப்போதைக்கு ஷூ பெட்டி போதும்.

நினைவில் வைக்கச் சொன்ன 250 லிட்டர் தொட்டிக்கு வருவோம். உன் நோட்டில் ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வரை. தொட்டியைக் கூரையில் வைப்பாயா, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே தரையில் வைப்பாயா? அலிபிரியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுவாயா, மேலே போய்க் குழாயில் பிடிப்பாயா? இறங்கும்போது மிச்சத் தண்ணீரை என்ன செய்வாய்?

இன்னொன்று, இது கொஞ்சம் கடினம். பாதி நிரம்பிய தொட்டி, வளைவில் முழுத் தொட்டியைவிட அதிகத் தொல்லை தரும். ஏன்? ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, படுக்க வைத்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார். பிறகு யோசி: தண்ணீர் லாரித் தொட்டிக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளை எதற்காக வைத்து வெல்டிங் செய்கிறார்கள்?