ஊராட்சி அலுவலகம் வரை வந்த இணையம் சேரிக்கு எப்போது வரும்?

வீட்டு இணைய விளம்பரங்களில் 40 எம்.பி.பி.எஸ்., 100 எம்.பி.பி.எஸ். என்று போடுகிறார்கள். இந்தக் கணக்கு பைட்டில் அல்ல, பிட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதாவது, 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 5 எம்.பி.தான் இறங்கும். பிராட்பேண்ட் என்று சொல்வதற்கான குறைந்தபட்ச வேகம் 512 கே.பி.பி.எஸ். ஆக இருந்தது. மத்திய அரசு 2023 ஜனவரியில்தான் அதை 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்தியது. அந்த வேகத்தில் 1 ஜி.பி. பாட வீடியோவை இறக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும்.

ஆனால் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத் தோல், ஷூ தொழிலாளர் குடும்பங்களுக்குச் சிக்கல் இந்த எண்களோடு முடிவதில்லை.

கிராமங்களுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் தந்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துடையது. ஊராட்சிக்கு 1 ஜி.பி.பி.எஸ். வரை தருவது இலக்கு. கேபிள் வந்து சேரும் இடம் ஊராட்சியின் சேவை மையம். அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுப்பவர், வாடிக்கையாளர் அதிகம் கிடைக்கும் தெருவைத்தான் முதலில் பார்ப்பார். ஊரை விட்டுத் தள்ளி ஒதுக்கப்பட்ட ஆதிதிராவிடர் குடியிருப்பு கணக்கில் கடைசிக்குப் போய்விடுகிறது. சாதி போட்ட எல்லைக்கோட்டில் கேபிளும் நின்றுவிடுகிறது.

கம்பி வராத இடத்தில் மொபைல் டவர்தான் கதி. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் வேகம் சரியும். டவர் இணையத்தில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிட மிகக் குறைவு. கல்வி உதவித்தொகைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஏற்ற வேண்டிய மாணவர், கடைசி நாளில் இ-சேவை மையத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் என்றால் இன்னொரு தடை. அம்மா ஷூ கம்பெனி ஷிப்டுக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். அவர் திரும்பும்வரை 100 எம்.பி.பி.எஸ். இருந்தும் பயனில்லை. 2021-ன் தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜி.பி. இலவச டேட்டா தந்தது. அந்த டேட்டாவுக்கும் கையில் போன் வேண்டும்.

பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். பொதுப் பணத்தில் போட்ட கேபிளும் பொதுச் சாலைதான்.

அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் ஊராட்சியில் கேபிள் எங்கே முடிகிறது? இணைப்பு இப்போது வேலை செய்கிறதா? நம் குடியிருப்பின் நூலகத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ வைஃபையும் இரண்டு கணினியும் எப்போது வரும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்.