பட்டியலும் உண்டியலும்: பயங்கரவாத நிதித் தடைகள் பற்றிய சில சிந்தனைகள்

பயங்கரவாத இயக்கங்களுக்கும் அவற்றுக்குப் பணமும் பொருளும் வழங்குவோருக்கும் எதிராகச் சர்வதேச மட்டத்தில் விதிக்கப்படும் தடைகள் பெரும்பாலும் சட்ட வல்லுநராலும் வங்கித் துறையினராலுமே ஆராயப்பட்டு வந்துள்ளன. இலக்கிய மாணவன் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பே. ஆயின் இத்தடைகள் யாவும் அடிப்படையில் ஓர் எழுத்துப் பனுவலிலிருந்தே தோன்றுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. அப்பனுவல் பெயர்களின் பட்டியலாகும். ஒருவரது பெயர் அதில் ஏறியதும் அவரது வங்கிக் கணக்கு முடக்கப்படுகின்றது, பிரயாணம் தடுக்கப்படுகின்றது, அவருக்குச் சோறு போடுபவனும் குற்றவாளியாகும் நிலை தோன்றுகின்றது. எழுத்து இத்துணை நேரடியாக மனித வாழ்வின் மீது அதிகாரஞ் செலுத்தும் வேறொரு வகைப் பனுவலைக் காட்டுவது கடினம். அப்பட்டியல் யாரால், யாருக்காக, எவ்வர்க்கத்தின் நலன் பேணி எழுதப்படுகின்றது என்பதே இக்கட்டுரையில் நோக்கப்படுவது.

முதலில் வரலாறு. 1990இல் ஈராக்கின் மீது விதிக்கப்பட்ட முழுமையான பொருளாதாரத் தடை, ஆட்சியாளரை விடுத்து மக்களையே வாட்டியது. அவ்வநுபவத்தின் பின்னரே நாடு முழுவதையும் தண்டியாது குறித்த ஆட்களையும் அமைப்புக்களையும் மாத்திரம் தாக்கும் ‘இலக்குவைத்த தடை’ என்னும் எண்ணக்கரு வலுப்பெற்றது. 1999 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1267ஆம் இலக்கத் தீர்மானம், ஒசாமா பின் லாடனைக் கையளிக்குமாறு கோரித் தலிபான்களின் நிதியை முடக்கியது. அவர்களது விமானப் போக்குவரத்தையும் தடுத்தது. 2000 டிசம்பரின் 1333ஆம் தீர்மானம் இதனை அல்-கைதாவுக்கும் விரித்தது. 2002 ஜனவரியின் 1390ஆம் தீர்மானத்தோடு தடை ஆப்கானிஸ்தானின் எல்லையைக் கடந்தது. உலகின் எம்மூலையில் வாழ்பவரையும் பட்டியலிற் சேர்க்க அது வழிசெய்தது.

இவற்றிலிருந்து வேறுபட்டது 2001 செப்டம்பர் 28இல் நிறைவேறிய 1373ஆம் தீர்மானம். இதன்கீழ் ஐக்கிய நாடுகள் சபை பட்டியலெதனையும் தயாரிப்பதில்லை. ஒவ்வோர் அரசும் பயங்கரவாதத்துக்கான நிதியளிப்பைக் குற்றமாக்கவேண்டும், சொத்துக்களை முடக்கவேண்டும் என்பதே கட்டளை. பயங்கரவாதம் யாது என்பதற்கு அத்தீர்மானத்தில் வரைவிலக்கணம் இல்லை. சொல்லுக்குப் பொருள் கூறாது அச்சொல்லைக் கொண்டு தண்டிக்கும் அதிகாரத்தை மாத்திரம் எல்லா அரசுகளுக்கும் பகிர்ந்தளித்த விந்தையை இங்கு காண்கிறோம். தமக்கு வேண்டாதவரைப் பயங்கரவாதி எனும் உரிமை அரசுகளுக்கு முன்னரும் இருந்ததுதான். இப்போது அதற்குச் சர்வதேசச் சட்டத்தின் முத்திரையும் கிடைத்தது.

இத்தடைகள் நடைமுறையில் யார்மீது விழுந்தன என்பதை அறிய அல்-பரகாத் விவகாரத்தைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து. 1991இல் சோமாலிய அரசு சிதைந்தபோது அந்நாட்டின் வங்கி முறையும் உடன் சிதைந்தது. புலம்பெயர்ந்த சோமாலியத் தொழிலாளர் தம் குடும்பங்களுக்குப் பணம் அனுப்ப நம்பியிருந்தவை ‘ஹவாலா’ நிறுவனங்களே. எமது நாட்டிலே ‘உண்டியல்’ என வழங்குவது இதுவேயாகும். இலண்டனில் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தால் ஊரில் மற்றொருவர் அதனை வீட்டாரிடம் சேர்ப்பார். பணம் எல்லை கடப்பதில்லை. கணக்கும் நம்பிக்கையுமே கடக்கின்றன. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் போர்க்காலத்தில் உண்டியலால் உயிர்வாழ்ந்ததை அறிந்த எமக்கு இம்முறையின் அருமையைப் பிறர் விளக்கவேண்டியதில்லை. சோமாலியாவில் அவ்வகை நிறுவனங்களுள் மிகப் பெரியது அல்-பரகாத். அது தொலைபேசிச் சேவையையும் நடத்தியது.

2001 நவம்பர் 7ஆந் தேதி அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின் அலுவலகங்களை முற்றுகையிட்டுச் சொத்துக்களை முடக்கியது. அது பயங்கரவாதிகளுக்குப் பணம் சேர்க்கும் நிறுவனம் என ஜனாதிபதி புஷ் பகிரங்கமாக அறிவித்தார். ஓரிரு தினங்களில் ஐக்கிய நாடுகளின் பட்டியலிலும் அதன் பெயர் ஏறியது. சுவீடன் குடியுரிமை பெற்ற சோமாலியர் மூவரின் பெயர்களும் அவற்றோடு ஏறின. அவர்களது வங்கிக் கணக்குகள் மூடப்பட்டன. உணவுக்கும் வாடகைக்கும் பணமெடுக்க வழியில்லை. தடையை மீறுகிறோம் என்பதை அறிந்தே சுவீடன் மக்கள் பலர் அவர்களுக்காக நிதி திரட்டினர். 2002 ஆகஸ்டில் மூவருள் இருவரது பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. செப்டம்பர் 11 தாக்குதல்களை விசாரித்த அமெரிக்க ஆணைக்குழுவின் அலுவலர்கள் 2004இல் வெளியிட்ட அறிக்கை, அல்-பரகாத் அல்-கைதாவுக்குப் பணம் வழங்கியமைக்கு விசாரணையாளர் ஆதாரம் காணவில்லை என்பதைப் பதிவு செய்தது. அவ்வறிக்கை தரும் மற்றொரு செய்தியும் கவனத்துக்குரியது. தாக்குதலுக்குச் செலவான நான்கு முதல் ஐந்து இலட்சம் டொலர் உண்டியலிற் போகவில்லை. சாதாரண வங்கிகளின் வழியாக, விமானக் கடத்தல்காரர் தம் சொந்தப் பெயர்களிலேயே திறந்த கணக்குகளுக்குச் சென்றது. ஆயினும் மூடப்பட்டது உண்டியற்கடை.

இது தவறுதலாக நேர்ந்ததெனக் கொள்ளின் விடயம் அத்துடன் முடிந்துவிடும். அவ்வாறு கொள்ள முடியாமைக்குக் காரணம் பின்வரும் ஒப்பீடாகும். சிக்கிற்றா என்னும் அமெரிக்க வாழைப்பழக் கம்பனி 1997 முதல் 2004 வரை கொலம்பியாவின் வலதுசாரி ஆயுதக் குழுவொன்றுக்குப் பதினேழு இலட்சம் டொலர் வழங்கியது. அக்குழு 2001 செப்டம்பரிலேயே அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. 2007இல் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டரைக் கோடி டொலர் அபராதத்துடன் மீண்டது. லஃபார்ஜ் என்னும் பிரெஞ்சுச் சீமெந்துக் கம்பனி சிரியாவில் 2013, 2014ஆம் ஆண்டுகளில் தன் ஆலையைத் தொடர்ந்து இயக்குவதற்காக இஸ்லாமிய அரசு இயக்கத்துக்கும் அல்-நுஸ்ரா முன்னணிக்கும் ஏறத்தாழ அறுபது இலட்சம் டொலர் கொடுத்தது. 2022 ஒக்டோபரில் அமெரிக்க நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 77 கோடியே 80 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. எச்.எஸ்.பி.சி. வங்கி போதைப்பொருட் கும்பல்களின் 88 கோடி டொலருக்கு மேற்பட்ட பணத்தைத் தன்னூடாகச் செல்லவிட்டமைக்காகவும் தடைச் சட்டங்களை மீறியமைக்காகவும் 2012இல் ஏறத்தாழ 190 கோடி டொலர் செலுத்தியது. வழக்குத் தொடர்தல் ஒத்திவைக்கப்பட்டது. இக்கம்பனிகள் எவற்றின் பெயரும் ஐக்கிய நாடுகளின் தடைப் பட்டியலில் ஏறவில்லை. ஏகபோக மூலதனத்துக்குத் தடை என்பது வியாபாரச் செலவுகளுள் ஒன்று. கூலித் தொழிலாளியின் சேமிப்புக்கோ அது மரணதண்டனை.

அல்-பரகாத் வீழ்ந்தபின் அதன் இடத்தைப் பிற நிறுவனங்கள் நிரப்பின. ஆயின் தண்டனைக்கு அஞ்சிய பெருவங்கிகள் அவற்றின் கணக்குகளையும் ஒவ்வொன்றாக மூடலாயின. 2011 டிசம்பரில் மினசோட்டாவில் வங்கியொன்று சோமாலியர்க்கான சேவையை நிறுத்தியது. 2013இல் பார்க்ளேஸ் வங்கி டஹப்ஷீல் என்னும் பெரிய பணமனுப்பு நிறுவனத்தின் கணக்கை மூட முற்பட்டது; இலண்டன் நீதிமன்றின் இடைக்காலத் தடையுத்தரவே அதனைத் தாமதப்படுத்தியது. இலாபம் சொற்பம், ஆபத்தோ பெரிது என்பதே வங்கிகளின் கணக்கு. ஏழைகளின் பணம் சட்டபூர்வமான வழிகளிலிருந்து விரட்டப்பட்டு, கண்காணிக்க முடியாத வழிகளிலே சென்றதைத் தவிர வேறு பயன் விளையவில்லை.

பஞ்சத்தின் காலத்தில் இதன் கொடுமை இன்னும் வெளிப்படையாயிற்று. 2010 ஒக்டோபருக்கும் 2012 ஏப்ரிலுக்கும் இடையில் தெற்கு, மத்திய சோமாலியாவில் ஏறத்தாழ 2,58,000 பேர் பட்டினியால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது; இவர்களுட் பாதிப்பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். பஞ்சப் பிரதேசத்தின் பெரும்பகுதி அல்-ஷபாப் இயக்கத்தின் பிடியில் இருந்தது. அவ்வியக்கம் நிவாரண அமைப்புக்களை விரட்டியது, வரி கேட்டது. மறுபுறம், வரியாக ஒரு மூட்டை அரிசி அவ்வியக்கத்தின் கைக்குப் போயினும் வழக்கு வரும் என்று அமெரிக்க உதவி பெற்ற அமைப்புக்கள் அஞ்சின. 2009 முதலே அமெரிக்க உதவி பெருமளவு குறைந்திருந்தது. பட்டினிச்சாவின் பழியை ஒரு தரப்பின்மீது மாத்திரம் சுமத்துவது உண்மைக்கு மாறாகும். மனிதாபிமான உதவிக்குப் பொதுவான விலக்களிக்கும் தீர்மானத்தை (2664) பாதுகாப்புச் சபை நிறைவேற்றியது 2022 டிசம்பரிலேதான்.

இவ்விடத்தில் முற்போக்கு வாசகர் சிலரிடையே நிலவும் ஒரு மயக்கத்தையும் சுட்டவேண்டும். ஏகாதிபத்தியம் தடைசெய்தது என்பதனால் மட்டும் ஓர் இயக்கம் மக்கள் இயக்கமாகிவிடாது. தனிநபர் பயங்கரவாதத்தை மார்க்சியம் ஒருபோதும் ஏற்றதில்லை. தன் தமையன் 1887இல் தூக்கிலிடப்பட்ட துயரைச் சுமந்தவாறே லெனின் நரோத்னிக்குகளின் வழியை நிராகரித்தார். எமது அநுபவமும் வேறன்று. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களிடம் ‘இறுதிப் போருக்கு’ என்று கூறி விடுதலைப் புலிகளின் ஆதரவாளர் பணம் கறந்த முறையை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006இல் விரிவாக ஆவணப்படுத்தியது. ஊரிலுள்ள உறவினரின் பெயர்சொல்லி மிரட்டப்பட்டுப் பணம் கொடுத்தவர்கள் அவர்களுட் பலர். தடைச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் யார்? பயங்கரவாதத்துக்கு நிதியளித்தவரா, பயங்கரவாதத்துக்கு இரையானவரா? ‘ஆதரவு’ என்ற ஒரு சொல் இருவரையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிடுகின்றது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2010 ஜூனில் அச்சொல்லை மேலும் விரித்தது. தடைசெய்யப்பட்ட குர்திஷ் தொழிலாளர் கட்சிக்குப் பிணக்குகளைச் சமாதான வழியில் தீர்ப்பது எவ்வாறு எனக் கற்பிப்பதும் ‘பொருள்சார் ஆதரவு’ ஆகலாமென ஆறு நீதியரசர் கருதினர், மூவர் மறுத்தனர்.

பட்டியலின் மொழி பற்றியும் சில சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே மாற்றுப் பெயர்கள் தரப்படுகின்றன. அவை ‘நல்ல தரத்தன’, ‘தாழ்ந்த தரத்தன’ என வகுக்கப்படுகின்றன. அரபுப் பெயரொன்று உரோம எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதப்படக்கூடியது. ஏடுகளின் பாடபேதம் பார்ப்பவனுக்கு இது பழகிய தொல்லை. ஆயின் பாடபேதத்தால் எவரது சம்பளமும் முடக்கப்பட்டதில்லை.

காரணம் கூறாது பெயர் சேர்க்கும் முறைக்கு எதிரான போராட்டம் நீதிமன்றங்களிலேயே நிகழ்ந்தது. 2001இல் பட்டியலிற் சேர்க்கப்பட்ட சவூதி வணிகர் யாசின் காதியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2008 செப்டம்பர் 3இல் அளித்த தீர்ப்பு, பாதுகாப்புச் சபையின் தீர்மானத்தை நிறைவேற்றும் ஒழுங்குவிதியும் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டதே என்று உறுதிசெய்தது. யூசுப் நாதாவின் கதை வேறு வகையது. சுவிற்சர்லாந்தினால் சூழப்பட்ட கம்பியோனே என்னும் 1.6 சதுரக் கிலோமீற்றர் இத்தாலியத் துண்டு நிலத்தில் வாழ்ந்த அம்முதியவர், தடையின் காரணமாக அதைவிட்டு வெளியேற முடியாது ஆண்டுக்கணக்காய்ச் சிறைப்பட்டிருந்தார். சுவிஸ் வழக்குத்தொடுநர் 2005இலேயே விசாரணையைக் கைவிட்டனர். பட்டியல் அவரை 2009 வரை விடவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே அல்-கைதாப் பட்டியலுக்கெனக் குறைகேள் அதிகாரி ஒருவரின் பதவி ஏற்படுத்தப்பட்டது. பணக்காரரான காதிக்கும் நாதாவுக்கும் வழக்கறிஞர் இருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

நீதிமன்றத்தை விட விரைவாகப் பெயரழிப்பது அரசதிகாரம். நெல்சன் மண்டேலாவின் பெயர் அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீங்க 2008 வரை செல்லவேண்டியிருந்தது. அவர் ஜனாதிபதிப் பதவியிலிருந்து ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆனால் ஒருகாலத்தில் தலைக்கு ஒரு கோடி டொலர் விலை குறிக்கப்பட்டிருந்த அகமது அல்-ஷரா டமஸ்கஸைக் கைப்பற்றிச் சிரியாவின் ஆட்சியாளராகி ஓராண்டு முடியுமுன், 2025 நவம்பரில் பாதுகாப்புச் சபை அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. மண்டேலாவுக்குக் கிட்டாத வேகம் இது. பிராந்தியத்தில் மேற்குலகுக்கு அவர் தேவைப்பட்டார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

இலங்கை 1373ஆம் தீர்மானத்தைக் கையாண்ட விதமும் இதே தர்க்கத்திற்கு அமைந்தது. 1968ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின்கீழ் 2012இல் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. போர் முடிந்து ஐந்தாண்டு கழியும் வேளையில், 2014 மார்ச்சில், 16 அமைப்புக்களையும் 424 ஆட்களையும் தடைசெய்யும் வர்த்தமானி வெளிவந்தது. ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் விவாதிக்கப்பட்ட மாதமும் அதுவே. 2015இல் ஆட்சி மாறியதும் எட்டு அமைப்புக்களும் 269 ஆட்களும் நீக்கப்பட்டனர். 2019இல் மீண்டும் ஆட்சி மாறியது. 2021 பெப்ரவரியில் ஏழு அமைப்புக்களும் 388 ஆட்களும் புதிதாகத் தடைசெய்யப்பட்டனர். இவ்வேழாண்டுகளில் அவ்வமைப்புக்களின் கொள்கையில் இத்தகைய திருப்பங்கள் நேர்ந்தமைக்குச் சான்றில்லை. மாறியவை கொழும்பில் அமைச்சரவைகள். பட்டியலில் உள்ளவரின் ஊர்க் குடும்பத்துக்குக் காசு அனுப்புவதா, அனுப்பினால் பொலிசார் வருவார்களா என்ற கேள்வியோ, ஒவ்வொரு வர்த்தமானியின் பின்னரும் வன்னியில் விதவைத் தாய்மாரின் வாசலில் வந்து நின்றது.