வெள்ளித்திரையில் நான்கு கர்ணர்கள்

ஒரே வீரனைத் தலைமுறைக்கு ஒரு நடிகராகப் படம் எடுப்பது மேல்நாட்டார் வழக்கம். ஸ்பைடர்மேன் என்ற சிலந்தி மனிதனாக 2002-ல் டோபி மெக்குவைர் வந்தார்; 2012-ல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு வந்தார்; 2016 முதல் டாம் ஹாலண்ட் வந்தார். இவர்களில் யார் சிறந்தவர் என்று எங்கள் வகுப்பில் மதிய இடைவேளை முழுவதும் வாதம் நடக்கும். அந்த வாதம் எப்போதும் முடிவதில்லை. ஆனால் தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு வீரன் உண்டு என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. உடம்போடு ஒட்டிய கவசத்துடனும் காதோடு ஒட்டிய குண்டலத்துடனும் பிறந்தவன் அவன். சூரியனின் மகன். அவன்தான் கர்ணன்.

சூப்பர்மேன் கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1938-ல் அமெரிக்க இளைஞர்கள் இருவர் படைத்த பாத்திரம் அது. அழிந்துபோகும் கிரகத்திலிருந்து பெற்றோர் தம் குழந்தையை ஒரு கலத்தில் வைத்து விண்ணில் அனுப்புகிறார்கள். உழவர் குடும்பம் ஒன்று அதை எடுத்து வளர்க்கிறது. பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனைத் தேரோட்டி அதிரதனும் அவன் மனைவி ராதையும் எடுத்து வளர்த்தது போலத்தானே இதுவும்! மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்த மோசேயும் நாணற்கூடையில் மிதந்து வந்த குழந்தையே. பெரிய வீரர்களைப் பெற்றவர்கள் ஒருவர், வளர்த்தவர்கள் வேறொருவர் என்று கதை சொல்வதில் எல்லா நாட்டாருக்கும் ஏதோ ஒரு விருப்பம் இருந்திருக்கிறது.

திரைப்படத்துக்கு முன்பே எங்கள் வட்டாரத்தில் கர்ணன் இருக்கிறான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தருமபுரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். அதில் ‘கர்ண மோட்சம்’ என்ற இரவுக்குத்தான் கூட்டம் அதிகம். மிருதங்கமும் முகவீணையும் முழங்க, திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு, பெரிய கிரீடமும் புஜகீர்த்தியும் கண்ணாடிச் சில்லும் மின்ன அவன் வெளியே வருவான். ஸ்பைடர்மேன் உடையைத் தைத்தவர்கள் இந்த வேடத்தைப் பார்த்தால் வெட்கப்படுவார்கள் என்பது எங்கள் எண்ணம். கூத்தில் கர்ணனுக்கு மனைவி பொன்னுருவி. தேரோட்டி மகன் என்று குலத்தைச் சொல்லி அவனை ஏளனம் செய்தவள். பிறகு அவன் போருக்குப் புறப்படும்போது போகாதே என்று தடுத்து அழுபவள். வியாசர் பாரதத்தில் இவளைக் காண முடியாது. நம் நாட்டு மக்கள் படைத்துக்கொண்ட பெண் இவள்.

இனி திரைக்கு வருவோம்.

முதலாவது கர்ணன், 1964-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று பொங்கலுக்கு வந்த பி.ஆர். பந்துலுவின் வண்ணப்படம். சிவாஜி கணேசன் கர்ணன், என்.டி. ராமராவ் கண்ணன், அசோகன் துரியோதனன், முத்துராமன் அர்ச்சுனன். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாடல்கள், சக்தி கிருஷ்ணசாமி வசனம். போர்க்களக் காட்சிகளைக் குருக்ஷேத்திரத்துக்கே சென்று எடுத்தார்கள். கணினியில் படை வரையும் வித்தை இல்லாத காலம். திரையில் ஓடுகிற குதிரை எல்லாம் உண்மைக் குதிரை, எழும்புகிற புழுதியும் உண்மைப் புழுதி. 2012 மார்ச்சில் இப்படத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது நூறு நாட்களுக்கு மேல் ஓடியது. அப்போது நாங்கள் பிறந்தோமோ இல்லையோ என்னும் நிலை. பின்னர் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம், இடையிடையே சோப்பு விளம்பரங்களோடு.

இப்படத்தின் கர்ணன் கொடையாளி. அவனுடைய பேராற்றல் கவசத்தில் இல்லை, கொடுப்பதில் இருக்கிறது. இந்திரன் கிழ வேதியனாக வந்து கவச குண்டலத்தைக் கேட்கிறான். வந்தவன் யாரென்று தெரிந்தே அறுத்துக் கொடுக்கிறான் கர்ணன். கடைசியில் களத்தில் விழுந்து கிடக்கும்போது, அவன் செய்த தர்மமே உயிரைப் போகவிடாமல் காத்து நிற்கிறது. கண்ணன் வேதியனாக வந்து அந்தப் புண்ணியத்தையும் கேட்க, வடிகிற குருதியாலே அதையும் தாரை வார்க்கிறான். இந்தக் காட்சி வியாசர் பாரதத்தில் இல்லை. வில்லிபுத்தூராரின் தமிழ்ப் பாரதத்தில் இருக்கிறது, கூத்தில் இருக்கிறது. எனவே சிவாஜி நடித்த கர்ணன் வடநாட்டுக் கர்ணன் என்பதைவிடத் தமிழ்க் கர்ணன் என்பதே பொருந்தும். இந்திரன் கேட்டான், கண்ணன் கேட்டான், பெற்ற தாயும் கேட்டாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்கத்தான் வந்தார்கள். துரியோதனன் ஒருவன்தான் கொடுத்தவன். குலம் என்ன என்று சபை கேட்டபோது அங்க நாட்டைக் கொடுத்து அரசனாக்கியவன் அவன். பானுமதியின் முத்துமேகலை அறுந்து சிதறியபோது ஐயம் கொள்ளாமல், எடுத்துத் தரட்டுமா கோத்துத் தரட்டுமா என்று கேட்டவன். இக்காட்சியில் அசோகனைப் பார்த்த பிறகு அவரை வில்லன் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆயினும் ஒரு குறை. பாண்டவர் சூதில் தோற்ற சபையில், திரௌபதியை இழிசொற்களால் ஏசி, அவள் ஆடையைக் களையச் சொன்னவன் கர்ணன் என்று வியாசர் பாரதம் கூறுகிறது. இப்படம் அந்தச் சபைக்குள் நம்மை அழைத்துச் செல்லவே இல்லை. கொடை வள்ளலின் மேல் கறை படக் கூடாது என்று விட்டிருக்கலாம். பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கு அதுதான் உறுத்துகிறது. அவன் அப்படியும் பேசினான், இப்படியும் கொடுத்தான் என்று காட்டியிருந்தால் கதை குறைந்தா போயிருக்கும்?

இரண்டாவது கர்ணன் தெலுங்குக் கர்ணன். 1964-ல் கண்ணனாக வந்து கர்ணனின் புண்ணியத்தை வாங்கிச் சென்ற அதே என்.டி. ராமராவ், பதின்மூன்று ஆண்டு கழித்து, 1977 ஜனவரி 14 அன்று ‘தான வீர சூர கர்ணா’ படத்தில் தாமே கர்ணனானார். கர்ணன் மட்டுமா? துரியோதனனும் அவரே, கண்ணனும் அவரே! படத்தை இயக்கியவரும் தயாரித்தவரும் அவரே. ஏறத்தாழ நான்கு மணி நேரப் படம். வீட்டில் தெலுங்கு பேசும் தோழியர் எங்கள் வகுப்பில் உண்டு. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொருள் சொல்லப் பார்த்தோம். இப்படத்தில் கர்ணனைவிடத் துரியோதனனே ஓங்கி நிற்கிறான். குலம் கேட்ட பெரியோரைப் பார்த்து, முனிவர்களின் பிறப்பும் ஆசான்களின் பிறப்பும் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடுக்குகிறான் அவன். அந்த நீண்ட வசனத்தை ஆந்திர நாட்டில் இன்றும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொருள் சொல்லிக்கொண்டிருந்த தோழியே அந்த இடத்தில் பொருள் சொல்வதை நிறுத்திவிட்டுத் தானும் கூடச் சொல்லத் தொடங்கிவிட்டாள்! மற்றபடி மூன்று வேடத்தையும் ஒருவரே கட்டியதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே முகம்.

மூன்றாவது, மணிரத்னத்தின் ‘தளபதி’. 1991 நவம்பர் 5, தீபாவளிக்கு வெளிவந்தது. இதில் கிரீடமும் இல்லை, தேரும் இல்லை, கவச குண்டலமும் இல்லை. கர்ணன் இங்கே சூர்யா, ரஜினிகாந்த். துரியோதனன் இங்கே தேவராஜ், மம்மூட்டி. அர்ச்சுனன் மாவட்ட ஆட்சியராக வருகிறான். அரவிந்த்சாமிக்கு அது முதல் படம். ஆற்றுக்குப் பதிலாகச் சரக்கு ரயில். சேரிவாசி ஒருவர் குழந்தையை எடுத்து வளர்க்கிறார். வீரனிடமிருந்து ஆற்றலை எல்லாம் கழற்றிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று சோதித்துப் பார்த்த படம் இது என்போம். மிச்சம் இருப்பது நட்பும், தாயைத் தேடும் ஏக்கமும். கோயிலில் தாயும் மகனும் ஒருவரை ஒருவர் அறியாமல் நிற்கும்போது தூரத்தில் ரயில் ஓசை கேட்கும். இருவர் முகமும் ஒருசேர மாறும். ஒரு வசனமும் இல்லை. முந்தைய படங்களில் பத்து நிமிடம் பேசி அழ வைத்ததை இளையராஜாவும் ஸ்ரீவித்யாவும் அங்கே பேசாமலே செய்துவிடுகிறார்கள்.

முடிவையும் மாற்றிவிட்டார் மணிரத்னம். தேவராஜ் இறக்கிறான்; சூர்யா வாழ்கிறான்; தாய் அவனோடு தங்குகிறாள். கர்ணன் செத்தால்தான் கர்ணன் என்று எங்களில் பாதிப் பேர் வாதிட்டார்கள். அத்தனை காலம் அழுதது போதும், ஒரு தடவையாவது பிழைக்கட்டும் என்றார்கள் மீதிப் பேர். தாய்மார்களைக் கேட்டோம். அவர்கள் எல்லாரும் இரண்டாவது கட்சியில் சேர்ந்துகொண்டார்கள்.

இங்கே குந்தியைப் பற்றி ஒரு சொல். 1964 படத்தில் குந்தி மகனிடம் வரம் கேட்க வருகிறாள்: நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் விடாதே, அர்ச்சுனனைத் தவிர மற்றவர்களைக் கொல்லாதே என்று. பதிலுக்கு அவன் கேட்பது, தான் இறந்த பின்னாவது மடியில் கிடத்தி மகனே என்று அழ வேண்டும் என்பது மட்டும். திரையரங்கில் எல்லாரும் குந்தியின் மேல் கோபம் கொள்ளும் இடம் அது. ‘தளபதி’யிலோ குழந்தையை ரயிலில் விடும் கல்யாணிக்கு வயது பதினான்கு என்று காட்டிவிடுகிறார்கள். எங்களைவிட ஓராண்டு இளையவள். அதன் பிறகு எப்படிக் கோபம் வரும்? துணைக்கு ஒருவரும் இல்லாமல் பிள்ளை பெற்ற ஒன்பதாம் வகுப்புச் சிறுமி என்ன செய்வாள்?

இது பழங்கதை என்று தள்ள எங்கள் மாவட்டத்தில் முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் வந்தது. வளர்க்க இயலாதவர்கள் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். யார் என்று கேட்கமாட்டார்கள். அப்படி வந்தவை பெரும்பாலும் பெண் குழந்தைகள். கர்ணனை ஆற்றில் விட்டதற்குக் காரணம் தாய்க்கு மணமாகாதது. இவர்களை விட்டதற்குக் காரணம் இவர்கள் பெண்ணாகப் பிறந்தது. அவர்களை எடுத்து வளர்த்த ராதைகள் ஊர் ஊராக இருப்பார்கள். நான்கு படத்தில் ஒன்றிலாவது ராதை கதாநாயகியா என்று பார்த்தோம். இல்லை. 1964 படத்தில் அவள் சிறிது நேரம் வந்து போகிறாள், அவ்வளவே. கர்ணனுக்கு ‘ராதேயன்’ என்றே ஒரு பெயர் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெற்றவள் பெயரால் அன்றி வளர்த்தவள் பெயரால் அமைந்த பெயர்.

நான்காவது கர்ணன், 2021 ஏப்ரல் 9 அன்று வெளியான மாரி செல்வராஜின் ‘கர்ணன்’. நடித்தவர் தனுஷ். இது பாரதக் கதை அன்று. பாரதப் பெயர்களை எடுத்துத் தலைகீழாக வைத்த கதை. இங்கே துரியோதனன் ஊர்ப் பெரியவர், திரௌபதி கர்ணனின் காதலி. கண்ணபிரானோ ஊரை அடித்து நொறுக்கும் காவல் அதிகாரி! பாரதத்தில் தோற்ற பக்கத்துப் பெயர்கள் எல்லாம் இங்கே ஒடுக்கப்பட்ட மக்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. 1995-ல் தென்மாவட்டத்துக் கொடியன்குளத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதலை நினைவூட்டும் படம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ‘உன் குலம் என்ன’ என்று சபையில் கேட்ட கேள்வியை மற்றப் படங்கள் அரண்மனைக்குள் வைத்துக் கேட்டன. இப்படம் அதைப் பேருந்து நிறுத்தத்தில் வைத்துக் கேட்கிறது. பொடியன்குளம் என்ற ஊருக்குப் பேருந்து நிற்காது; நிற்காததற்குக் காரணம் அவ்வூராரின் சாதி. வலிப்பு வந்த ஒரு சிறுமி நடுச்சாலையில் கிடந்து உயிர்விடுகிறாள், வண்டிகள் அவளைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. படம் தொடங்குவதே அங்கேதான்.

மலை ஊர்களிலிருந்து படிக்க வரும் தோழியருக்கு இக்காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்படம் வருவதற்கு மூன்றே நாள் முன்பு, ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தது. பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்குச் சாலை இல்லாததால் வாக்கு இயந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோன படம் செய்தித்தாள்களில் வந்தது. மாரி செல்வராஜின் படத்திலும் ஒரு கழுதை வருகிறது. முன்கால்கள் கட்டப்பட்டுத் தத்தித் தத்தி நடக்கும் அந்தக் கழுதையின் கட்டைக் கர்ணன் அவிழ்த்துவிடுகிறான். நான்கு படங்களிலும் கர்ணன் செய்த கொடைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இது. கேட்காமலே கொடுத்தது இது ஒன்றுதான்.

2024 ஜூனில் வந்த ‘கல்கி 2898 ஏடி’ படத்தில் பிரபாஸ் கர்ணனின் மறுபிறவி என்று இறுதியில் காட்டினார்கள். பறக்கும் வண்டி, பேசும் இயந்திரம் எல்லாம் உண்டு. மேல்நாட்டுச் சூப்பர்மேன்களுக்கு உண்மையில் நிகரானவன் இவன்தான் என்று எங்கள் வகுப்பின் ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படத்தில் கர்ணன் வரும் நேரம் மிகக் குறைவு. அடுத்த பாகம் வந்த பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டோம்.

விடுமுறையில் பார்க்க விரும்பும் தோழியருக்கு: 1964 படத்தைத் தாத்தா பாட்டியோடு பாருங்கள், வசனத்தை அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘தளபதி’யை அம்மாவோடு பாருங்கள். 2021 படத்தில் அடிதடியும் குருதியும் மிகுதி. பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது. கூத்தை மட்டும் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. போர்வை எடுத்துக்கொண்டு போக வேண்டும், மோட்சம் கிடைக்க விடிந்துவிடும்.