எந்தச் சுவருக்கு எந்த ஆணி?

வெள்ளக்கடைப் பக்கம் நான் பணியாற்றிய பள்ளியில், ஒரு மழைக்கால நண்பகலில் வகுப்பறையின் படைப்புப் பலகை சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் மதிய உணவுக்குப் போயிருந்தார்கள். பத்து நிமிடம் முன்னதாக விழுந்திருந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் அதன் கீழே உட்கார்ந்திருப்பார்கள். பலகையை மாட்டியவன் நான்தான்.

மேசை இழுப்பறையில் கிடந்த கம்பி ஆணிகளைச் சுவரில் அடித்திருந்தேன். வளையாமல் உள்ளே போகிறதே என்று மகிழ்ந்தும் இருந்தேன். ஆணிகள் பற்றியிருந்தது செங்கல்லை அல்ல. பூச்சையும், இரண்டு கல்லுக்கு இடையே உதிர்ந்துகிடந்த பழைய காரையையும்தான். சுவரில் கம்பி ஆணி எளிதாக இறங்கினால் அதை நம்பக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

கம்பி ஆணி மரத்துக்கானது. சுவருக்குக் கான்கிரீட் ஆணி என்று கேட்டு வாங்க வேண்டும். அது கடினமாக்கிய எஃகு, எளிதில் வளையாது. ஆனால் கோணலாக அடித்தால் உடைந்து தெறிக்கும். கண்ணாடி அணியாமல் அதை அடிக்கக் கூடாது, மாணவர் கையில் தரவே கூடாது. அதுவும் நாட்காட்டி, சிறு படம் போன்றவற்றுக்குத்தான். பலகை, கரும்பலகை, அலமாரி என்றால் ஆணியே வேண்டாம். துளையிட்டு, ராவல் பிளக் செருகி, திருகாணி முடுக்குவதுதான் சரி. திருகாணி உள்ளே போகப்போக பிளக் விரிந்து செங்கல்லை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

மரத்தில் ஆணி நிற்பது எப்படி என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ‘கூராக இருப்பதால்’ என்பார்கள். கூர்முனை அழுத்தத்தைக் கூட்டி உள்ளே நுழைய உதவும், அவ்வளவே. பிடிப்பைத் தருவது உராய்வு. விலக்கித் தள்ளப்பட்ட மர நார்கள் திரும்பி வந்து ஆணியின் பக்கங்களை அழுத்துகின்றன. இது புரிந்தால் தச்சர்களின் பல வழக்கங்களுக்குக் காரணம் விளங்கிவிடும். மெல்லிய பலகையைத் தடித்த சட்டத்தோடு சேர்க்கும்போது, பலகையின் தடிமனைப் போல மூன்று மடங்கு நீள ஆணி எடுப்பார்கள். அரை அங்குலப் பலகைக்கு ஒன்றரை அங்குலம். மூன்றில் இரண்டு பங்கு சட்டத்துக்குள் இருக்க வேண்டுமே! மரத்தின் வெட்டுமுனையில் நாரின் போக்கிலேயே அடித்த ஆணி சீக்கிரம் கழன்றுவிடும். சற்றுச் சாய்த்து அடித்தால் பிடிப்பு கூடும். மரம் பிளந்துவிடும் என்று தோன்றினால் ஆணி முனையைச் சுத்தியலால் லேசாக மழுக்கிவிடுவார்கள். கூர்முனை நார்களை ஆப்புப்போல் பிளக்கிறது. மழுங்கிய முனை நசுக்கிக்கொண்டு போகிறது.

கடையில் ஆணியை அங்குலமும் கேஜும் சொல்லி வாங்குகிறோம். கேஜ் எண் கூடக்கூட ஆணி மெலியும். மாணவர்கள் தலைகீழாகவே நினைப்பார்கள். ஏறுவரிசை, இறங்குவரிசைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஏற்காடு மலையில் எளிதில் கிடைப்பது காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரம். அதை ஈரத்தோடு வாங்கிப் பறவைக்கூடோ பெஞ்சோ செய்தால் சில மாதங்களில் ஆணிகள் ஆடத் தொடங்கும். காயும்போது மரம் சுருங்க, நார்களின் பிடி தளர்கிறது. எந்த மரமானாலும் உலர்த்திய பிறகே ஆணி.

மலையில் இன்னொரு தொல்லை மூடுபனி. ஈரக்காற்றில் வெறும் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் சுற்றியுள்ள பூச்சையும் வெடிக்கச் செய்யும். வெளியில் இருக்கும் எதற்கும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆணியே ஏற்றது. பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். வினைபடு வரிசை நடத்தும்போது இரண்டு வகை ஆணிகளையும் உப்புநீரில் போட்டுவைத்தால் பாடம் பாதி முடிந்த மாதிரி. கூடவே கடுக்காய் ஊறிய நீரில் ஒரு துருப்பிடித்த ஆணியையும் போடுங்கள், நீர் கறுத்துவிடும். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து தரும் அந்தக் கறுப்பு, முன்னாளில் மையாகப் பயன்பட்டது.

தகரக் கூரைக்குக் குடைபோன்ற தலையுள்ள ஆணி. அதைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகும்.

விழுந்த பலகையை உடைத்து வெளியே போட்டபோது, அதிலிருந்த ஆணிகள் புல்லில் சிதறின. மண்ணில் கிடந்த ஆணி காலில் குத்தினால் ரணஜன்னி வரலாம். அதற்குக் காரணம் துரு அல்ல, மண்ணில் வாழும் கிருமி. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. தடுப்பூசியை யாரும் விட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பழுதான ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புல்வெளி முழுவதும் இழுத்தார்கள். ஆணிகளோடு கறுப்பு மண்ணும் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. ‘மண்ணு ஏன் சார் ஒட்டுது?’ என்றான் ஒருவன். இரும்புத் தாதுத் துகள் அது. மலைக்குக் கீழே சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்தத்தில் ஒட்டும் தாது நிறைய உண்டு. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலம் பகுதியிலிருந்துதான் தாது போனது. அடுத்த நாள் வகுப்பை அங்கிருந்தே தொடங்கினேன்.