எழுப்பும் மருந்தை ஏன் உடனே போடுவதில்லை?

தூக்க மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர் மயங்கிக் கிடக்கிறார். டயஸெபாம் வகை மாத்திரைக்கு முறிவு மருந்து உண்டு: ஃப்ளூமாஸெனில். 0.2 மில்லிகிராமில் தொடங்கி ரத்த நாளத்தில் ஏற்றினால் சில நிமிடங்களில் கண் விழிக்கலாம். பிறகு ஏன் டாக்டர் தயங்குகிறார்?

மாத்திரை மூளையின் காபா ஏற்பிகளில் அமர்ந்து நரம்புகளை அடக்குகிறது. முறிவு மருந்து அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஆனால் சிலருக்கு அந்த அடக்கமே காவல். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்து விழுங்கியிருந்தால், காவல் விலகியதும் வலிப்பு வரலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரைக்குப் பழகியவருக்கும் வலிப்பு ஆபத்து உண்டு.

முறிவு மருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். டயஸெபாமோ நாள்கணக்கில் தங்கும். விழித்தவர் மறுபடி மயங்கலாம். ஆகவே மூச்சைக் காப்பதும் கண்காணிப்பதுமே முதல் சிகிச்சை.