பட்டுப் புடவையில் ஒரு பாப் குரல்

கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ் உணவகம், 1969. மேடையில் புதுப் பாடகி. உடம்பில் புடவை, நெற்றியில் பொட்டு. பக்திப் பாடலை எதிர்பார்க்க வைக்கும் தோற்றம். வாய் திறந்தாலோ, கனத்த குரலில் ஆங்கில பாப்பும் ஜாஸும்.

அவர்தான் உஷா ஐயர். திருமணத்துக்குப் பின் உஷா உதுப். 1947-ல் மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். குரல் பொருந்தவில்லை என்று பள்ளியில் இசை வகுப்பிலிருந்தே அனுப்பப்பட்டவர். முறையாகச் சங்கீதம் கற்றதில்லை. கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் ரேடியோதான். சென்னை சபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் பாடத் தொடங்கியபோதும் புடவைதான். இரவு விடுதிப் பாடகி என்றாலே முகம் சுளித்த காலம் அது.

கொல்கத்தா அவருக்கு மேடை தந்தது, கணவரையும் தந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்ததும் டிரிங்காஸில்தான். 'அர்மான்' (1981), 'டிஸ்கோ டான்ஸர்' (1982) படப் பாடல்கள் உஷாவை நாடெங்கும் கொண்டுசென்றன. தமிழில் 'மேல்நாட்டு மருமகள்' (1975), 'அஞ்சலி' (1990) படங்களிலும் அந்தக் குரல் ஒலித்தது.

ஆனால் அதே ஊரில்தான் சோதனையும் வந்தது. 1980களில் இடதுசாரி முன்னணி அரசின் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷாவின் பாட்டை 'அபசம்ஸ்கிருதி' என்றார். சீரழிந்த கலாசாரம் என்று பொருள். அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை. மேடையையே நம்பி வாழும் பாடகிக்கு இது பிழைப்பிலேயே கை வைப்பது. உஷா ஊரை விட்டுப் போகவில்லை. நீதிமன்றம் போனார், வென்றார்.

எது கலாசாரம் என்று அமைச்சர் தீர்மானிக்கலாமா? அந்த வழக்கு எழுப்பிய கேள்வி பழசாகிவிடவில்லை. உஷாவின் பதில் அவர் நெற்றியிலேயே இருக்கிறது: பெரிய பொட்டில் வங்காள எழுத்து 'க'. கொல்கத்தாவின் முதல் எழுத்து.

2011-ல் பத்மஸ்ரீ, 2012-ல் 'டார்லிங்' பாடலுக்காக ரேகா பரத்வாஜுடன் ஃபிலிம்ஃபேர் விருது, 2024-ல் பத்மபூஷண். மும்பையில் பிறந்த இந்தத் தமிழ்ப் பெண்ணின் பெயருக்கு எதிரே பத்ம விருதுப் பட்டியலில் இருந்த மாநிலம்: மேற்கு வங்கம்.