கழிவு விலையில் பதிந்தால் ஆற்றோர அறை கிடைக்குமா?

கித்துல்கலைக்குப் படகுச் சவாரி போகிறவர்கள் என்னிடம் கேட்பது இது: இணையத்தில் கழிவு விலைக்கு அறை எடுத்தால், மட்டமான அறையைத் தள்ளிவிடுவார்களா?

வேண்டுமென்றே யாரும் தண்டிப்பதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால், மலிவான பதிவில் பெரும்பாலும் அறையின் வகை மட்டுமே உறுதி. அது களனி கங்கையைப் பார்த்ததா, அவிசாவளை–ஹட்டன் வீதியைப் பார்த்ததா என்பதை வரவேற்பு மேசைதான் தீர்மானிக்கும். நேரடியாகப் பதிந்தவரால் இணையத்தளத்துக்குப் போகும் தரகு, ஏறத்தாழ 15 சதவீதம், விடுதிக்கு மிச்சம். நல்ல அறை அவருக்குப் போவதில் வியப்பில்லை.

உபசரிப்பு வேறு கதை. சாப்பாடு பரிமாறுபவருக்கு நீங்கள் கொடுத்த விலை பொதுவாகத் தெரியாது. இருந்தும் நட்டம் அவருக்கே. பில்லில் சேரும் 10 சதவீத சேவைக் கட்டணம் ஊழியர்கள் பங்கிட்டுக்கொள்வதற்கானது. 20,000 ரூபா அறைக்கு அது 2,000 ரூபா. அதே அறை 12,000 ரூபாவுக்குப் போனால் 1,200 ரூபாதான். கழிவை அறிவிப்பவர் முதலாளி. அதில் 800 ரூபாவை இழப்பவர்கள் தொழிலாளர்கள்.

ஆகவே, பதியும்போதே "ஆற்றைப் பார்த்த அறை" என்று எழுத்தில் கேளுங்கள். போவதற்கு முன் விடுதிக்கு ஒரு தடவை அழைத்தும் உறுதிசெய்யுங்கள். முடிந்தால், மிச்சம் பிடித்த காசில் கொஞ்சத்தைப் பரிமாறியவர் கையில் கொடுங்கள்.